முனை திரும்பும் சத்தம்

ரபேலிடம் சொல்வதற்கு ஒரு கதை இருந்தது. கல்யாண விருந்தோ, ஞானஸ்நானமோ, கோயில் திருநாளோ, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், சாப்பாட்டுத் தட்டு வருவதற்குள் அந்தக் கதை வந்துவிடும். ஏற்கெனவே கேட்டுச் சலித்தவர்கள் மெல்ல எழுந்து வேறு மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள். ரபேல் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. மிச்சம் இருப்பவர்களுக்காகக் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார். மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், ஓயாமல் ஓடும் மெஷின்களுக்கு நடுவே கத்திக் கத்தியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசுவது என்பது அவருக்கு வராத வித்தை.

"எங்க வீட்டு கேட்டை நான் என் கையால தொறந்ததே இல்ல, தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார். "மார்னிங் ஷிப்டா, நைட் ஷிப்டா, ஓவர்டைமா, ஒண்ணும் சொல்றதில்ல. போன் போடறதில்ல. ஆ செங் மளிகைக் கடை முனையில என் சாகா கார் திரும்பும் பாருங்க, அந்தச் சத்தம் லூசி காதுல விழுந்திடும். நான் வீட்டு முன்னால வந்து நிக்கறதுக்குள்ள கேட் தொறந்திருக்கும். ரோட்டுல எத்தனையோ வண்டி போகுது. என் வண்டி எதுன்னு அவளுக்குத் தெரியும் லா."

பக்கத்தில் இருக்கும் லூசி, கதை இந்த இடத்துக்கு வரும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள். கதை அந்தச் சிரிப்பில்தான் முடியும்.

ரபேல் சும்மா அளக்கிறவர் இல்லை. லூசி என்ஜின் டிரைவரின் மகள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா வண்டியை யார்டுக்குள் கொண்டுவரும்போது விசிலை ஒரு தடவை நீளமாகவும் இரண்டு தடவை குட்டையாகவும் அடிப்பார். அது அவருடைய அடையாளம். அதைக் கேட்டதும் அம்மா உலையில் அரிசியைப் போடுவார். அந்த வரிசையில் ஒவ்வொரு டிரைவர் வீட்டுக்கும் அப்படி ஒரு விசில் இருந்தது. எந்த வீட்டில் எப்போது உலை கொதிக்கும் என்று லூசி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட காது உள்ளவளைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குக் கூட்டிவந்தவர் ரபேல். அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் தான்தான் என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

சாகாவை மகள் கேரன் பிறந்த வருஷம் வாங்கினார்கள். அடர் சிவப்பு. அதில்தான் கேரன் பள்ளிக்கூடம் போனாள், அதில்தான் ஜூலை மாதம் வந்தால் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்குக் குடும்பத்தோடு போனார்கள். அதன் பின் சீட்டில் புளிச்சாத வாசனை இன்னும் இருக்கிறது என்று ரபேல் சத்தியம் செய்வார். இப்போது அந்த வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, மழைக்காலத்தில் ஒழுகியது. பட்டறைக்காரர் சாமான் கிடைப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார். போன ஃபெடரல் ஹைவே பயணத்தில் அது நடு ரோட்டில் நின்றுவிட, பின்னால் வந்த லோரிக்காரனிடம் ரபேல் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, சுபாங் ஜெயாவில் இருக்கும் கேரன் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள்.

"டேடி, போதும். புதுசு வாங்குங்க. எலக்ட்ரிக் வாங்குங்க. வீட்டுலயே சார்ஜ் போட்டுக்கலாம், சர்வீஸ் செலவு கம்மி."

இப்படித்தான் மூன்று பேரும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஷோரூமுக்குப் போனார்கள்.

அங்கே இருந்த விற்பனைப் பெண் விஷ்ணுப்ரியா, இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாள். இந்தப் பக்கம் வெள்ளை நிறத்தில் சாதாரண வண்டி. அந்தப் பக்கம் லிமிடெட் எடிஷன். அதே பேட்டரி, அதே மோட்டார், ஒரு தடவை சார்ஜ் போட்டால் அதே தூரம். விலையில் மட்டும் பதினெட்டாயிரம் வெள்ளி கூட.

"பதினெட்டாயிரத்துக்கு என்னம்மா கூட வருது?" என்று ரபேல் கேட்டார். ஷோரூமில் இருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கலர் ஸ்பெஷல் அங்கிள். பழைய காலத்து மெரூன். சீட் தையல் வேற. டேஷ்போர்டுல உங்க வண்டி எத்தனாவதுன்னு நம்பர் போட்ட தகடு இருக்கும். மலேசியாவுக்கே கொஞ்ச வண்டிதான் வருது." அவள் உள்ளே சாய்ந்து திரையில் எதையோ தொட்டாள். "அப்புறம் இது."

வண்டியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பெட்ரோல் என்ஜின் சத்தம். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் உறுமல், நடுவில் ஒரு தடுமாற்றம் கூட. சாகாவின் சத்தம் இல்லை, ஆனால் சாகாவுக்கு உறவுக்காரச் சத்தம். ரபேலுக்குக் கையில் ரோமம் சிலிர்த்தது.

"ஸ்பீக்கர்ல வருது அங்கிள். உள்ளயும் கேக்கும், வெளியவும் கேக்கும். பழைய வண்டி ஓட்டுன ஞாபகம் வரணும்னு வச்சிருக்காங்க."

கேரன் சிரித்துவிட்டாள். "சத்தமே இல்லாத வண்டி வாங்கிட்டு, அப்புறம் சத்தத்துக்குத் தனியா காசு குடுக்கறதா? டேடி, ப்ளீஸ் லா."

ரபேலும் சேர்ந்து சிரித்தார். லூசி மெரூன் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கு," என்று பொதுவாகச் சொன்னாள். எதைச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

கேரன் வேலைக்குப் போய்விட்டாள். லூசிக்கு பிரிக்பீல்ட்ஸில் தையல்காரரிடம் ரவிக்கை வாங்க வேண்டியிருந்தது. ரவிக்கையை வாங்கிக்கொண்டு, வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு, வழக்கம் போல அவளுடைய பழைய குவார்ட்டர்ஸ் இருந்த பக்கமாக நடந்தார்கள். குவார்ட்டர்ஸ் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பிரிக்பீல்ட்ஸ் வந்தால் அந்தப் பக்கம் போய் ஒரு நிமிஷம் நிற்காமல் லூசி கிளம்ப மாட்டாள். மாமரம் எங்கே இருந்தது, அடுத்த வீட்டு லில்லி அக்கா எங்கே துணி காயப் போடுவார் என்று ஆகாயத்தில் விரலால் காட்டுவாள். ரபேலுக்கும் அந்த இல்லாத மாமரம் நன்றாகத் தெரியும். அதன் அடியில்தான் அவர் முதன்முதலில் அவளிடம் பேசினார். பேசியது தெரு முழுக்கக் கேட்டுவிட்டது என்பது வேறு விஷயம்.

மேலே மோனோரயில் போனது. லூசி தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு கொமுட்டர் ரயில் ஹாரன் அடித்தது. அதற்கும் அவள் திரும்பவில்லை. அந்தக் காலத்து விசிலுக்குப் பழகிய காது, இந்த எலக்ட்ரிக் ரயிலின் ஊளைக்கெல்லாம் மரியாதை கொடுக்காது என்று ரபேல் நினைத்துக்கொண்டார்.

"இப்ப ரயிலுக்கெல்லாம் குரலே இல்லாம போச்சு, பாத்தியா?" என்றார்.

"ஆமாங்க," என்றாள் லூசி.

அந்த ஒரு வார்த்தை அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. சாகாவை ஓட்டிக்கொண்டு கிள்ளான் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்தார். ரயிலுக்குக் குரல் போனது, அவளும் தலையைத் தூக்குவதை விட்டுவிட்டாள். நாளைக்கு நம் வண்டிக்கும் குரல் போகும். வெள்ளை வண்டி ஆ செங் கடை முனையில் பூனை மாதிரி திரும்பும். அவள் அடுப்படியில் இருப்பாள். இரும்புக் கதவு மூடியே இருக்கும். நான் இறங்கி, பார்சல் கொண்டுவருகிறவன் மாதிரி என் வீட்டுக் கதவை நானே தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

சொன்னால் சிரிப்பார்கள். கார் விலையைப் பற்றிப் பேசும் இடத்தில் இதைச் சொல்ல முடியுமா? ஆனால் ரபேலுக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. வேலை போய்விட்டது, பிள்ளை கல்யாணமாகிப் போய்விட்டாள், முழங்கால் பாதி போய்விட்டது. நீ வருவது எனக்குத் தெரியும் என்று சொல்லும் அந்தத் திறந்த கதவு ஒன்றுதான் அப்படியே மிச்சம் இருந்தது. அதையும் விட்டுவிட அவருக்கு மனம் இல்லை. பதினெட்டாயிரம் வெள்ளி போனால் போகட்டும்.

லிமிடெட் எடிஷன்தான் வேண்டும் என்று அவர் சொன்னதும், காரணம் தெரியாத கேரன் போனில் பிடித்துக்கொண்டாள். "டேடி, அந்தக் காசுக்கு வீட்டுக் கூரையை மாத்தலாம். இல்லன்னா ஆட்டோகேட் போடுங்க. பட்டனை அமுக்குனா தொறக்கும், மம்மி வெயில்ல ஓடி வர வேணாம்."

ஆட்டோகேட் பேச்சு புதிதில்லை. முன்பும் ஒரு தடவை வந்தபோது லூசிதான் வேண்டவே வேண்டாம் என்றாள். எனக்குக் கை இருக்கு என்று கோபமாகக்கூடச் சொன்னாள். அந்தக் கோபம் ரபேலுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு தொடர் பார்த்துக்கொண்டிருந்த லூசியிடம் அவரே கேட்டார். "சத்தம் வர்ற வண்டியை வாங்கவா, சாதா வண்டியை வாங்கவா?"

"உங்களுக்குப் பிடிச்சதை வாங்குங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒண்ணா? ரபேலுக்குச் சுருக்கென்றது. அவளுக்காகத்தானே இத்தனை மண்டைக் குடைச்சல்? சரி, நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். எந்த மெஷினை வாங்கினாலும் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது தொழிற்சாலையில் கற்ற பாடம். விஷ்ணுப்ரியாவைக் கூப்பிட்டு, சனிக்கிழமை லிமிடெட் எடிஷன் வண்டியைக் கிள்ளானுக்குக் கொண்டுவரச் சொன்னார். லூசியிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலையில், பாசாருக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன் என்று சாகாவில் கிளம்பினார். பாசார் பக்கத்தில் சாகாவை நிறுத்திவிட்டு, காத்திருந்த மெரூன் வண்டியில் ஏறினார். விஷ்ணுப்ரியா பக்கத்து சீட்டில் இருந்தாள்.

"சவுண்ட் எப்படி ஆன் பண்றதுன்னு காட்டறேன் அங்கிள்."

"அன்னைக்கே பாத்தேன்மா. மெஷின்லயே வாழ்ந்தவன், சுவிட்ச் போடறதுக்கு எனக்குப் பாடமா?" திரையில் அவரே தேடித் தொட்டார். வண்டி உறுமியது. "வந்துடுச்சு, பாத்தியா?"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

தெரு நெருங்க நெருங்க அவருக்கு உள்ளங்கை வேர்த்தது. பெண் பார்க்கப் போன அன்றுகூட இப்படி வேர்க்கவில்லை. ஆ செங் தன் மளிகைக் கடை வாசலில் வழக்கமான பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த முனையில் திரும்பும்போது ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆ செங்குக்கு ஆட்டுவது ரபேலின் முப்பது வருஷப் பழக்கம். இன்றைக்கும் கை தானாகவே போனது. ஆ செங் புதுக் காரைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

வண்டி முனை திரும்பியது. உறுமல் நன்றாகவே கேட்டது. ரபேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். அவர் வீடு தெருவின் அந்தக் கடைசியில் இருந்தது. பாதித் தெரு தாண்டியதும் இரும்புக் கதவு அசைவது தெரிந்தது. வீட்டை நெருங்கியபோது அது அகலத் திறந்திருந்தது, லூசி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்தியாம்மா?" ரபேல் விஷ்ணுப்ரியா பக்கம் திரும்பினார். "பாத்தியா? அவ காதைப் பாத்தியா? எந்த வண்டியில வந்தாலும் தெரிஞ்சிடுது. புக் பண்ணிடு. இதையே புக் பண்ணிடு."

லூசி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உள்ள வாங்கம்மா, குடிக்க சிரப் தண்ணி கலக்கறேன்," என்று விஷ்ணுப்ரியாவைக் கூப்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

விஷ்ணுப்ரியா இறங்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஆளாக இருந்தால் அந்த நிமிஷமே கையெழுத்து வாங்கியிருப்பார்.

"அங்கிள், ஒண்ணு சொல்லட்டுமா? வெளி ஸ்பீக்கர் ஆன்ல இல்ல."

"என்னம்மா சொல்ற? சத்தம்தான் நல்லா கேட்டுச்சே."

"அது நம்மளுக்கு மட்டும்தான் அங்கிள். உள்ள ஸ்பீக்கர் வேற, வெளி ஸ்பீக்கர் வேற. வெளிய உள்ளதுக்கு இன்னொரு சுவிட்ச் போடணும். நீங்க முதல் சுவிட்ச் போட்டதும் கிளம்பிட்டீங்க. ரோட்டுல நின்னவங்களுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது."

ரபேல் நம்பவில்லை. அவளை உள்ளேயே உட்கார வைத்து, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தான் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு நின்றார். கண்ணாடிக்குள் விஷ்ணுப்ரியா தலையாட்டினாள், உறுமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சைகை காட்டினாள். வெளியே எதிர்வீட்டு மரத்தில் ஒரு மைனா கத்துவதுதான் கேட்டது.

அப்படியென்றால் கதவு எப்படித் திறந்தது?

தெருவில் நின்றபடியே தன் வீட்டைத் தலைதூக்கிப் பார்த்தார். மாடி அறையின் திரைச்சீலை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டியிருந்தது. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியின் முதுகு தெரிந்தது.

அந்த நாற்காலி வருஷக் கணக்கில் அங்கேதான் கிடக்கிறது. துணி மடிக்கப் போட்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தார். மாடி ஏறிப் போய் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார். மடித்த துணி ஒரு பக்கம், ஜெபமாலை ஒரு பக்கம். ஜன்னல் திண்டில் காப்பிக் கோப்பை வைத்து வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக வட்டக் கறைகள். நிமிர்ந்து பார்த்தால் நேரே ஆ செங் கடை முனை. ஆ செங் பேப்பர் பக்கத்தைத் திருப்புவதுகூடத் தெரிந்தது.

ரபேல் கீழே இறங்கி வந்தார். லூசி அடுப்படியில் முதுகு காட்டி நின்று, தம்ளரில் சிரப் கலக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்று, தன்னால் முடிந்த அளவுக்குக் குரலைச் சின்னதாக்கி, "லூசி," என்றார்.

அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"லூசி," என்றார் மறுபடியும்.

அவள் திரும்பவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டார். திடுக்கிட்டுத் திரும்பியவள், அவர் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மாட்டிக்கொண்டோம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப இருந்து?" என்று கேட்டார். இந்தத் தடவை வழக்கமான குரலில்.

"இடது காது, கேரன் கல்யாணத்துக்கு முன்னாடியே போச்சு. இது கொஞ்சம் கொஞ்சமா." வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான் கத்திப் பேசுவீங்களே. எனக்குக் கேக்கும். அப்புறம் எதுக்குச் சொல்லணும்?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "கேரன் கல்யாணத்துல மைக்கைப் புடிச்சு அந்தக் கதையைச் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? மண்டபமே என்னைப் பாத்துக் கை தட்டுச்சு. அந்தக் கை தட்டலே எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. உங்க மூஞ்சில அவ்ளோ சந்தோஷம். அதுக்கு அப்புறம் எப்படிங்க சொல்லுவேன்?"

"அப்ப நான் ஷிப்ட் முடிஞ்சு வந்ததெல்லாம்?"

"வந்திடுவீங்கன்னு தோணற நேரத்துக்கு மேல போய் உக்காந்துக்குவேன். துணி மடிப்பேன். ஜெபமாலை சொல்லுவேன். முனையில ஆ செங்குக்குக் கை காட்டுவீங்க இல்ல, அந்தக் கை தெரியும். இறங்கி வந்து தொறப்பேன்."

"ஓவர்டைம் நாள்ல?"

"இன்னொரு ஜெபமாலை."

ரபேல் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்தார். தான் ஓவர்டைம் என்று சொல்லாமல் கொள்ளாமல் நின்ற நாட்கள், வேலை முடிந்து நண்பர்களோடு தே தாரேக் டீ குடித்துக்கொண்டு அரட்டை அடித்த நாட்கள், அதே சமயம் ஒருத்தி மாடி ஜன்னலில் மாலை மணியை உருட்டிக்கொண்டு முனையையே பார்த்திருந்த நாட்கள் எல்லாம் ஒன்றாக வந்து அவர் மேல் விழுந்தன. சத்தம் கேட்டுத் திறக்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமை அடித்தாரே, சத்தமே இல்லாமல் அல்லவா அவள் காத்திருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இந்த வயதில் இப்படியும் வருமா என்று அவரே வியக்கும்படி, அவள் மேல் ஆசையாக இருந்தது.

"இன்னைக்கு வேற வண்டியாச்சே," என்றார் கடைசியில். "அது எப்படித் தெரிஞ்சது?"

"வண்டியை யாரு பாத்தா?" என்றாள் லூசி. "கையைத்தான் பாத்தேன்."

வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த விஷ்ணுப்ரியாவுக்கு ரபேலே சிரப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். "அந்த வெள்ளை வண்டியே போதும்மா," என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அடுப்படிக்கும் வரவேற்பறைக்கும் நடுவே ஒரு மணித்திரைதான் இருந்தது, ரபேலோ மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

கேரன் இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்துத் திட்டினாள். மறைத்ததற்கு அம்மாவை, கவனிக்காததற்கு அப்பாவை. திட்டி முடித்துவிட்டு அழுதாள், அவளும்தான் கவனிக்கவில்லை. அடுத்த வாரமே கிள்ளானில் காது டாக்டரிடம் போனார்கள். லிமிடெட் எடிஷனுக்குப் போக வேண்டிய பணத்தில் ஒரு பங்கு, லூசியின் இரண்டு காதுகளுக்கும் பட்டாணி அளவில் மெஷினாக வந்து சேர்ந்தது.

முதல் இரண்டு நாள் அவள் வீட்டுக்குள்ளேயே புது ஊருக்கு வந்தவள் மாதிரி நடமாடினாள். காற்றாடி இவ்வளவு சத்தம் போடுமா என்றாள். செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். "ஏங்க, கத்தாதீங்க," என்று முதல் தடவையாக ரபேலை அடக்கினாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தொலைக்காட்சி பாதிச் சத்தத்துக்கு வந்தது.

வெள்ளை வண்டி தயாராகிவிட்டது என்று தகவல் வந்தது. அன்றைக்கே சாகாவை ஷோரூமில் ஒப்படைக்க வேண்டும். ரபேல் அதைக் கழுவித் துடைத்து, கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பின் சீட்டில் மோந்து பார்த்தார். புளிச்சாத வாசனை இருந்தது, அல்லது இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். கிளம்பலாம் என்று லூசியைக் கூப்பிட்டார்.

"ஒரு தடவை போயிட்டு வாங்க," என்றாள் அவள்.

"எங்க?"

"ஆ செங் கடையைத் தாண்டிப் போயி, திரும்பி வாங்க. நான் மாடிக்குப் போக மாட்டேன். கேட்டைச் சாத்திட்டு ஹால்ல உக்காந்திருப்பேன்."

ரபேலுக்குப் புரிந்தது. வண்டியை எடுத்தார். தெருவைத் தாண்டி, பெரிய ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினார். சாகா இருமியது, கனைத்தது, கியர் மாற்றும்போது வழக்கம் போல ஒரு பெருமூச்சு விட்டது. நல்லா கத்துடா என்று அதனிடம் சொன்னார். ஆ செங் ஸ்டூலிலிருந்து கையைத் தூக்கினார். ரபேல் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் இறுக்கி வைத்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கை வெளியே வரவில்லை. ஆ செங்கின் கை பாதியில் நின்றுவிட்டது.

முனை திரும்பினார். தெருவின் கடைசியில் இரும்புக் கதவு மூடியிருந்தது. பாதித் தெரு தாண்டினார், மூடியிருந்தது. வீட்டு முன்னால் வந்து நிறுத்தினார். இன்னும் மூடித்தான் இருந்தது.

பரவாயில்லை, மெஷின் புதுசு, காது பழக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்ஜினை அணைத்தார். தெரு அமைதியானது. இறங்கித் தானே திறப்போம் என்று கார்க் கதவில் கை வைத்தார். அப்போது உள்ளே தாழ்ப்பாள் விலகியது. இரும்புக் கதவை அகலத் தள்ளிக்கொண்டு லூசி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"முனையிலயே கேட்டுச்சுங்க," என்றாள். "கடைசி வரைக்கும் உக்காந்து முழுசா கேட்டேன். அதான் லேட்."

ரபேல் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றார். பேசினால் பக்கத்து வீட்டுக்குக்கூட எட்டாது, அவ்வளவு மெதுவாகத்தான் குரல் வந்தது.

"இனிமே நீ எனக்காக நிக்க வேணாம், லூசி. நானே இறங்கித் தொறந்துக்கறேன்."

லூசி காதிலிருந்த மெஷினை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னது கேட்டுச்சு," என்றாள். "ஆனா நிப்பேன்."